பனிக்கட்டி கெட்டியான பொருள்தானே, பனியாறு எப்படி நகர்கிறது, நிலத்தை எப்படிச் செதுக்குகிறது?

கெட்டிதான், ஆனால் எடை கூடினால் அதுவும் வழியும். கோடையிலும் முழுசாக உருகாத இடத்தில் வருஷா வருஷம் பனி மேல் பனி விழுந்துகொண்டே இருக்கும். புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. பாரம் ஏற ஏற அந்தக் காற்று பிதுங்கி வெளியேறி, மிச்சம் குமிழிகளாகச் சிக்கிக்கொள்ள, கடைசியில் நீலம் பாய்ந்த கட்டியாக இறுகிவிடுகிறது. சில பத்து மீட்டர் கனம் வந்ததும், தன் எடையாலேயே உள்ளே இருக்கும் படிகங்கள் மெல்ல உருமாறிச் சரிவை நோக்கி நகரத் தொடங்கும். அடியில் உருகிய நீர் இருந்தால் மொத்தமாகவே வழுக்கும். மேல்பரப்பு மட்டும் வளையாது, வெடித்துப் பிளக்கும்.

அப்புறம், நிலத்தைச் செதுக்குவது. என்னைக் கேட்டால் இதில் மிக அழகான பகுதி இதுதான். பாறையைத் தேய்ப்பது வெறும் பனிக்கட்டி இல்லை, அதன் அடியில் உறைந்து ஒட்டிய கற்கள். உப்புத்தாளில் மணல் செய்யும் அதே வேலை. பனியாறு பின்வாங்கிய இடத்தில் பாறையைத் தடவிப் பாருங்கள், ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள் விரலில் தட்டும். ஆறு வெட்டிய ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளத்தாக்கு அடி அகன்று ‘யு’ ஆவதும் இப்படித்தான். நார்வேயில் கடல் புகுந்து நிற்கும் சோக்னே ஃபியோர்டும் பனி தோண்டியதே, ஆழம் சுமார் 1,300 மீட்டர்! சுரண்டிய கல்லும் மண்ணும் பனியாற்றின் ஓரங்களிலும் நுனியிலும் மேடாகக் குவிந்து கிடக்கும்.