வாழைச்சேனைப் படகில் முன் கியர் பிடிக்காதது குறித்து

வணக்கம் சகோதரர். எஞ்சின் வேகம் கூடியும் படகு முன்னோக்கி நகரவில்லை, பின் கியர் மட்டும் நன்றாகப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பின்னுக்குச் சரியாக இழுப்பதால் புரொப்பெல்லரையும், அதன் தண்டைக் கியர்பொக்ஸுடன் இணைக்கும் கப்ளிங்கையும் இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கியர்பொக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், எஞ்சினை நிறுத்தி, கியர் கேபிளைக் கழற்றி, கியர்பொக்ஸின் பக்கத்திலுள்ள லீவரைக் கையாலேயே முன் நிலைக்கு முழுமையாகத் தள்ளிப் பாருங்கள்; கேபிள் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் தாண்டி அது ஒரு விரலளவு நகர்ந்தால், பிழை பெரும்பாலும் உப்புக்காற்றில் இறுகிய கேபிளில்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால், கியர்பொக்ஸுக்குள் எஞ்சின் விசையைப் பிடித்துக் கடத்தும் கிளச் தட்டுகள் அரைகுறையாகப் பிடித்துக் கருகிவிடும்.

அடுத்து, கியர்பொக்ஸின் ஒயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஒயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் ஏற்கெனவே கருகத் தொடங்கியிருக்கும். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முதலில் ஒயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஒயில் கூலரைப் பாருங்கள். அந்நிலையில் தயவுசெய்து கடலுக்குப் போகாதீர்கள்.