கேபிள் பெட்டியா, தனி ரெக்கார்டரா?

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து பிறகு பார்க்க, கேபிள் நிறுவனம் வாடகைக்குத் தரும் ரெக்கார்டர் பெட்டியா, கடையில் கிடைக்கும் தனி ரெக்கார்டரா என்று கேட்டிருந்தீர்கள். விலையைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் பதிவுசெய்ய நினைப்பவை கட்டணச் சேனல்களா என்று முதலில் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் மின்னணு முறையில் பூட்டப்பட்டே வருகின்றன. சாவி நிறுவனத்தின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியின் எச்டிஎம்ஐ கம்பியை (படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோவது) தனி ரெக்கார்டரில் செருகினாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பு குறுக்கே நிற்கும், பதிவாகாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பியில் பதிவாகலாம். ஆனால் எச்டி தெளிவு போய்விடும். பெரிய திரையில் அதைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை!

நிறுவனப் பெட்டியிலும் வில்லங்கம் உண்டு. இணைப்பை விட்டால் பெட்டியோடு பதிவுகளும் போய்விடும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் பொதுவாகப் பயனில்லை, உள்ளே இருப்பது அந்தப் பெட்டி மட்டுமே படிக்கும்படி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

பார்த்ததும் அழித்துவிடுபவர் என்றால் நிறுவனப் பெட்டியே போதும். ஆன்டெனாவில் வரும் இலவசச் சேனல்கள்தான் வேண்டுமென்றால் தயங்காமல் தனி ரெக்கார்டர் வாங்குங்கள். நிகழ்ச்சி அட்டவணைக்கு மாதச் சந்தா கேட்கிறார்களா, எத்தனை ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) இருக்கிறது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே ட்யூனர் என்றால் பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவுசெய்ய முடியாது.