கதை கேட்கக் காசு கொடுக்கும் முன்

சாவு வீடு, கடன், பாகப்பிரிவினை என்று வயிற்றைப் பிசையும் விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் இன்றைய சிறுகதைகளை ஒலிப்புத்தகமாக வாங்கியவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 399 ரூபாய்க்கு வாங்கிய தொகுப்பை வாசிப்பது கணினிக் குரல். விற்கும்போது அதைச் சொல்லவில்லை. பணம் திரும்புமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கேளுங்கள், விடாதீர்கள். மறைத்து விற்றது அவர்கள் தவறு, உங்கள் தவறு துளியும் இல்லை. முதல் வேலையாக விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் அதை மாற்றிவிட வாய்ப்பு உண்டு. வாசிப்பவர் பெயர் இல்லாததும் படத்தில் தெரிய வேண்டும். பிறகு குரல் சறுக்கும் மூன்று இடங்களை நிமிடம், நொடியோடு குறியுங்கள். தமிழில் இது எளிதாக மாட்டும். 'பாவம்' என்ற சொல் இரக்கத்தைக் குறிக்கிறதா, முகபாவத்தைக் குறிக்கிறதா என்று நம் எழுத்து காட்டாது. மனிதர் வரியைப் புரிந்து உச்சரிப்பார். இயந்திரம் தடுமாறும். 'ரூ.', 'கி.மீ.' போன்ற சுருக்கங்களிலும், மூத்தவர் பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகளிலும் இதே கதை.

இவற்றோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 399 ரூபாய்தானே என்று தயங்கவே வேண்டாம்.

கேள்வி: 180 பக்கப் புத்தகம், 14 கதைகள். ஒலி வடிவம் 1 மணி 50 நிமிடம்தான். வெட்டியிருப்பார்களா? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தை நீங்களே நிதானமாக வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். இரண்டரை நிமிடம் ஆனால் 180 பக்கத்துக்கு ஏழரை மணி நேரம். உங்கள் கைக்கு வந்தது அதில் கால்வாசி. 14 தலைப்புகளும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். இருந்தால் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தை அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். இந்த வகைக் கதையில் விஷம் கடைசி வரியில் இருக்கும். அதைச் சுருக்கினால் கதையே இல்லை. 'முழுமையானது' என்று போட்டு விற்றிருந்தால் முதல் பதிலில் சொன்ன வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு செயலியில் சேர்ந்தேன். எதையும் படித்துப் பார்க்கவில்லை. 1,499 ரூபாய் எடுத்துவிட்டார்கள். செயலியை அழித்துவிட்டேன், போதுமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: போதாது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. எதையும் படிக்காமல் யூபிஐ ரகசிய எண்ணைத் தட்டுகிறவர்கள் வாரந்தோறும் எழுதுகிறீர்கள். இலவசம் என்று சேர்ந்த அன்றே, ஆறாம் நாளுக்கு போனில் அலாரம் வைக்க ஒரு நிமிடம் ஆகுமா?

இனி செய்ய வேண்டியது: பணம் கட்டும் செயலியில், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள் இருக்கும் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு வந்திருக்க வேண்டும், அது ரிசர்வ் வங்கி விதி. குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரத்து செய்யும் பொத்தானையே அவர்கள் ஒளித்து வைத்திருந்தால், அது சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30 முதல் அதற்குத் தடை இருக்கிறது. 1915-இல் அந்தச் சொல்லைச் சொல்லியே புகார் பதியுங்கள்.

கேள்வி: 500 கதைகள் அடங்கிய பென்டிரைவ் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: திருட்டுச் சரக்கு, வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லோரும் சிரிப்பதாகச் சொல்லும் தொகுப்பு எனக்குச் சப்பென்று இருக்கிறது. நேரமில்லாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன். (வாசகி, தென்காசி)

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். வேகத்தை 1-க்குக் கொண்டுவாருங்கள். பல செயலிகளில் மௌனத்தைத் தாண்டிச் செல்லும் அமைப்பு ஒன்று உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள். கடைசி வரிக்கு முன் வாசிப்பவர் விடும் ஒரு நொடிதான் உங்களைச் சிரிக்க வைப்பது. அடுத்த கதை தானாகத் தொடங்குவதையும் நிறுத்துங்கள். நாளுக்கு ஒன்று போதும்.

கேள்வி: நம்ம ஊர்க் கதைதான். ஆனால் வாசிப்பவர் பேச்சு சினிமாத் திருநெல்வேலியாக இருக்கிறது. இதைக் குறை என்று சொல்லலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்துக்காகவே காத்திருந்தேன். இழுத்து 'ஏலேய்' என்று நாலு இடத்தில் கத்தினால் நெல்லைப் பேச்சு ஆகிவிடாது. நம் பேச்சு வினைச்சொல்லில் இருக்கிறது: 'சொல்றேன்' இல்லை, 'சொல்லுதேன்'. 'அவங்க வந்தாங்க' இல்லை, 'அவிய வந்தாவ'. 'வந்தான் இல்லையா' என்பது 'வந்தாம்லா' என்று ஒரே மூச்சில் முடியும். குரல் உயர வேண்டிய இடமும் குறைவு. முற்றத்தில் பிணம் கிடக்கிறது, பங்காளிகள் சொத்துக்காக மல்லுக்கட்டுகிறார்கள், ஆச்சி 'சவத்த விடுங்கலே' என்கிறாள் என்று வையுங்கள். வழக்கமாக அது 'தொலையட்டும், விடு' என்ற அலுப்பு. அந்த முற்றத்தில் அதற்கு இன்னொரு பொருளும் வந்துவிடுகிறது. தாழ்ந்த குரலில் சொன்னால்தான் இரண்டும் சேர்ந்து விழும். கத்தினால் வெறும் வசவு.

எழுத்தாளர் பத்து நாள் யோசித்து வைத்த வரியை, ஊர்ப் பேச்சே கேட்டிராத ஒருவரிடம் கொடுத்துப் பாழாக்குவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். பதிப்பகங்கள் வாசிப்பவர் எந்த வட்டாரத்துக்காரர் என்று விவரக் குறிப்பில் போட வேண்டும். திசையன்விளைப் பேச்சும் செங்கோட்டைப் பேச்சுமே ஒன்றல்ல, நாகர்கோவில் 'மக்கா'வைக் கொண்டுவந்து இங்கே ஒட்டவும் கூடாது. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: மாதிரி ஒலியில் முன்னுரையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உரையாடல் வரும் இடம் வரை கேளுங்கள். மாதிரியில் உரையாடலே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: 'சமகாலச் சிறுகதைகள்' என்று வாங்கினேன். பாதி புதுமைப்பித்தன் காலத்துக் கதைகள். (வாசகர், களக்காடு)

பதில்: எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும். புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல். உரிமைத்தொகை கொடுக்காமலே பட்டியலை நிரப்ப இது வசதி. நல்ல குரலுக்கு விலை கேட்பது நியாயம், சமகாலம் என்று அச்சிடுவது பொய் விளம்பரம். கதைத் தலைப்புப் பட்டியல் காட்டாத தொகுப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஆயுள் சந்தா கட்டிய செயலி மூடிவிட்டது. இறக்கி வைத்த கதைகளும் திறக்கவில்லை. (வாசகி, திசையன்விளை)

பதில்: வருத்தமாக இருக்கிறது. நானும் மூன்றாண்டுச் சந்தா கட்டி எட்டாம் மாதத்தில் இழந்தவன். நீங்கள் வாங்கியது கேட்கும் அனுமதி மட்டுமே. கோப்பு பூட்டோடு செயலிக்குள் இருப்பதால் செயலி போனால் அதுவும் போகும். கட்டிய ரசீதோடு புகார் கொடுங்கள். இனி மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள், அல்லது பூட்டில்லாத எம்பி3 கோப்பாகவே விற்கும் பதிப்பகத்திடம் வாங்குங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயிலில் போகும்போது கதை பாதியில் நிற்கிறது. போனை மாற்ற வேண்டுமா? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: போன் மேல் பழி போடாதீர்கள், மலையும் குகைகளும் சிக்னலை மறைக்கின்றன. வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பேச்சுக் குரலுக்கு 64 கேபிபிஎஸ் தரம் தாராளம். மணிக்கு 29 எம்பி, ஆறு மணி நேரத் தொகுப்புக்கு 175 எம்பி ஆகும். கிளம்பும் முன் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு கதை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.