சூப்பர்ஹீரோ படங்கள் மட்டும் பார்த்துவிட்டு, காமிக்ஸ் படிக்காமல், ஒருவர் தன்னை ரசிகர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். "காமிக்ஸே படிக்காம நீயெல்லாம் ஒரு ஃபேனா?" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்கிறார்கள், அந்தக் கடுப்பில்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆசாமியை அடுத்த முறை பார்க்கும்போது, சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கல்லான கிரிப்டோனைட் முதலில் எங்கே வந்தது என்று கேட்டுப் பாருங்கள். காமிக்ஸில் என்பார். இல்லை, 1943இல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் வந்தது. காமிக்ஸுக்கு அது வந்து சேர 1949 ஆகிவிட்டது. ஜோக்கரின் கூட்டாளியான ஹார்லி க்வின்னை 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக உருவாக்கினார்கள், காமிக்ஸ்காரர்கள் பிறகுதான் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மார்வெல் படங்களில் வரும் உளவாளி ஏஜென்ட் கோல்சன் 2008இல் அயர்ன் மேன் படத்தில் அறிமுகமானவர். அதனால் காமிக்ஸ்தான் அசல், மற்றதெல்லாம் நகல் என்ற பேச்சே எடுபடாது.

உடனே காமிக்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் படிக்கிறவன்தான். யாரும் படிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. காமிக்ஸ் படிப்பவர் படம் பார்ப்பவரை மட்டம் தட்டுகிறார். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்துகொண்டு கார்ட்டூன் பார்க்கிறவனை மட்டம் தட்டுகிறார்கள். அந்தக் கார்ட்டூன்காரன் நான்.

ஒரு நாள் அலுவலக மதிய இடைவேளையில் பேட்மேனின் வில்லனான ஜோக்கராக நடித்தவர்களில் யார் சிறந்தவர் என்று பேச்சு வந்தது. ஹீத் லெட்ஜர் ஒரு கட்சி, வாக்கீன் ஃபீனிக்ஸ் ஒரு கட்சி. இருவருமே ஜோக்கராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர்கள், அதனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மார்க் ஹாமில் என்றேன். "யாரு, ஸ்டார் வார்ஸ் ஹீரோவா?" என்றார் ஒருவர். ஆமாம், அவரேதான். 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூனில் ஜோக்கருக்குக் குரல் கொடுத்தவர் அவர். சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் டீமில் சீனியர் ஒருவர், "தம்பி, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

மறுநாள் அவரையே பிடித்து உட்கார வைத்து, அந்தத் தொடரின் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயத்தை என் போனில் போட்டுக் காட்டினேன். வேண்டுமென்றேதான் ஜோக்கர் இல்லாத கதையாக எடுத்தேன், இல்லையென்றால் பழைய பஞ்சாயத்து மறுபடி ஆரம்பித்துவிடும். இதில் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். 1959இல் காமிக்ஸில் மிஸ்டர் ஸீரோ என்ற பெயரில் வந்த ஆள், பனித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிவார், அவ்வளவுதான் அவர் கதை. பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய இந்த இருபத்துச் சொச்ச நிமிட அத்தியாயம்தான் அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தது. தீராத நோயில் கிடக்கும் மனைவியை, மருந்து கண்டுபிடிக்கும் வரை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கும் விஞ்ஞானி அவர். செலவு கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனித் தலைவன் பாதியில் புகுந்து நிறுத்தச் சொல்கிறான், எதிர்த்தவரை ரசாயனங்களுக்குள் எட்டி உதைக்கிறான். கதை நடக்கும் நேரத்தில் அதே தலைவனுக்கு மனிதநேய விருது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்மேனுக்கு இதில் ஜலதோஷம். அவருடைய வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரட் பிளாஸ்க்கில் சிக்கன் சூப் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார். கடைசிச் சண்டையில், எந்த ஆயுதமும் கைகொடுக்காத நேரத்தில், அந்தச் சூப்பை பிளாஸ்க்கோடு ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசத்தில் அடித்து உடைக்கிறார் பேட்மேன். குளிர்ந்த கண்ணாடியில் சூடு பட்டதும் விரிசல் விடுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த சமாச்சாரம்தான்! அந்த இடத்தில் சீனியர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய கையோடு, ஃப்ரீஸ் சிறைக்குள் உட்கார்ந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி வந்தது. அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, பெயர்கள் ஓடும்வரை பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சொன்னது இது: "நல்லாத்தான் இருக்கு. இதைப் படமா எடுத்திருக்கலாமே."

எடுத்தார்கள் ஐயா, 1997இல் 'பேட்மேன் & ராபின்' என்று எடுத்தார்கள்! அதே ஃப்ரீஸ், அதே உறைந்த மனைவி. ஆர்னால்டின் முகத்தில் வெள்ளியும் நீலமுமாகப் பூசி, வாயைத் திறந்தால் பனியை வைத்துக் கடி ஜோக் அடிக்கவிட்டார்கள். கார்ட்டூன் பெரியவர்களுக்கு எழுதிய கதையை, கோடிகளைக் கொட்டி எடுத்த படம் கேலிக்கூத்தாக்கிய கதை அது.

நோலன் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அவர் எடுத்த பேட்மேன் படமான 'த டார்க் நைட்' எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் படங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. இயக்குநர் மாறினால், பேட்மேன் முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வெய்னின் அப்பா அம்மா மறுபடி சாக வேண்டும், அம்மாவின் முத்து மாலை மறுபடி அறுந்து விழ வேண்டும். 1989, 2005, 2016 என்று எத்தனை தடவைதான் அந்த முத்துகளைப் பொறுக்குவது? 2022இல் வந்த படம் அந்தச் சந்துக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டது, அதற்கே ஒரு கும்பிடு. கார்ட்டூனில் நேராகக் கதைக்குள் போய்விடுவார்கள். ஊரின் இருட்டுக்கும் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கியின் யோசனைப்படி பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டு தாளிலேயே இருக்கிறது, வெளிச்சத்தைத் தீட்டினால் போதும்.

ஆகவே, படம் பார்க்கிறவரே, நீங்கள் ரசிகர்தான். யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டாம். நேரம் கிடைத்தால் அந்தக் கார்ட்டூனைப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் ஆப்பில், ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கும்போதும் அறிமுகக் காட்சியைத் தாண்டச் சொல்லி ஒரு பொத்தான் வந்து நிற்கிறது. அந்தத் தொடரின் அறிமுகத்தில் பேட்மேன் என்ற பெயரே திரையில் வராது. இரண்டு திருடர்கள், ஒரு மொட்டை மாடி, மின்னலில் ஒரு உருவம், அவ்வளவுதான். பார்ப்பவனுக்குப் பெயர் எழுதிக் காட்ட வேண்டாம் என்ற தைரியம் அது, அதைப் போய்த் தாண்டச் சொல்கிறான். படம் முடிந்தால் இன்னும் மோசம். பேட்மேனின் முகமூடி, கேப், காத்தம் என்ற ஊர்ப்பெயர் எல்லாம் பில் ஃபிங்கர் என்ற காமிக்ஸ் எழுத்தாளர் கொடுத்தவை. 1974இல் அவர் இறந்தார், பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் போட 2015இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அத்தனை காலம் கழித்து வந்த பெயரைத் திரையின் மூலைக்குச் சுருட்டிவிட்டு, 'அடுத்து' என்று வேறு எதையோ ஓடவிடுகிறது இந்த ஆப். அதை நிறுத்த ஐந்து வினாடிதான் தருகிறார்கள், அதற்குள் ரிமோட் எங்கே என்று தேடுவதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.