புண் ஆறியது, நோய் ஆறவில்லை

கேள்வி: எனக்கு நான்காவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. என் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. திருமணத்துக்குச் சில மாதம் முன்பு தனக்கு வலியில்லாத புண் வந்து, தானாகவே ஆறிவிட்டது என்று கணவர் இப்போதுதான் சொல்கிறார். பஸ் நிலையக் கழிப்பறையில் உனக்கு ஒட்டியிருக்கும் என்கிறார் மாமியார். குழந்தையை நினைத்துத் தூக்கமே இல்லை.
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: மகளே, கழிப்பறையை விட்டுவிடு. சிபிலிஸ் கிருமி உடலுக்கு வெளியே பிழைக்காது.

அந்தப் புண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்தேன். "களிம்பு போட்டேன், ஆறிவிட்டது டாக்டர்" என்று சொல்லாத நோயாளியே அரிது. களிம்பு போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் அது ஆறும். நோயின் இயல்பே அதுதான். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பில்லாத தடிப்பு வரலாம், அதுவும் மறையும். கிருமி மட்டும் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும். கணவருக்கும் உனக்கும் வெளியே ஒன்றும் தெரியாதது அதனால்தான்.

கர்ப்பத்தில் இந்தப் பரிசோதனை சில நேரம் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதிசெய்யச் சொல். அதைக் காரணம் காட்டி வாரங்களைக் கடத்தாதே. சிகிச்சை இல்லாவிட்டால் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் நேரலாம். நான்காவது மாதத்திலேயே தெரிந்தது பெரிய நன்மை. பென்சாத்தின் பென்சிலின் ஊசி உன்னையும் குழந்தையையும் சேர்த்தே குணப்படுத்தும். எப்போது தொற்றியது என்று தெரியாதபோது 24 லட்சம் யூனிட் வீதம் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போடுவார்கள். ஒரு வாரம்கூடத் தவறவிடாதே. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு.

கணவரையும் அழைத்துப் போ. அவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம்; ஒருமுறை குணமானவருக்கும் இந்த நோய் மறுபடி தொற்றும். பிறந்ததும் குழந்தைக்கும் பரிசோதனை தேவை. பிரசவம் பார்ப்பவர்களிடம் ஊசி போட்ட சீட்டைக் காட்டு.

முதல் ஊசி போட்ட அன்று காய்ச்சலும் குளிரும் வரலாம், ஒரு நாளில் தணியும். வயிறு இறுக்கிப் பிடித்து வலித்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடு.