யூனிட் இரட்டிப்பாகவில்லை, பில் எப்படி மும்மடங்கானது?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: “மார்கழி, தை மாதங்களில் 320 யூனிட், சித்திரை, வைகாசியில் 560. யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணமோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. இரவில் ஒரு ஏசி போட்டதுதான் கூடுதல். கோடைக்கென்று விலையை ஏற்றுகிறார்களா, மீட்டர் பழுதா?”

இரண்டும் இல்லை அம்மா. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குக் கோடை விலை, குளிர்கால விலை என்று தனித்தனியே கிடையாது. கோடையில் உங்கள் பயன்பாடு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டுகிறது. பணம் போவது அந்த இடத்தில்தான்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே கணக்குப் போடுவோம். 2024-இல் விகிதங்கள் சற்றுக் கூடின. கணக்கு முறை மாறவில்லை. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் தலா 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. உங்கள் 320 யூனிட்டுக்கு 765 ரூபாய்.

ஆனால் 501-ஆவது யூனிட் ஓடியதும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை பறிபோய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.50 வாங்கப்படும். இதிலேயே 225 ரூபாய் கூடிவிடுகிறது. 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். சரியாக 500-இல் நின்றிருந்தால் 1,725தான். கடைசி 60 யூனிட்டுக்கு 705 ரூபாய்! நடுத்தரக் குடும்பங்களை இந்தக் கோடு வாட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து.

மின்வாரியத்துக்கும் கோடை கடினம்தான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் வேகமெடுப்பதற்கு முந்தைய அந்த வாரங்களில் வெளியிலிருந்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு அந்த மாதமே உங்கள் பில்லில் ஏறுவதில்லை.

நீங்கள் குறைக்க வேண்டியது நாளுக்கு ஒரு யூனிட். இரவு பத்து மணிக்குப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகல் வெயில் இன்னும் சுடும். ஏசி முதலில் அந்தச் சுவரோடுதான் மல்லுக்கட்டுகிறது. மாலையிலேயே ஜன்னல்களைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற மின்சிக்கன மோட்டார் வகைக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் இரண்டை மாற்றினாலே அந்த ஒரு யூனிட் மிச்சம்.

கணக்கெடுப்பு முடிந்த முப்பதாவது நாள் மீட்டரை நீங்களே பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால், மீதமுள்ள முப்பது நாள் கையைச் சுருக்குவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.