மெசூசா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்ரேல் வீடுகளின் படங்களில் வாசல் நிலைக்காலில் விரல் நீளக் குப்பி ஒன்று சாய்வாகத் தெரிகிறது. நம் வீடுகளில் எந்திரத் தகடு மாட்டுவோமே, அதுபோலக் காப்பா? ஏன் சாய்வு?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

குப்பி வெறும் உறைதான். உள்ளே இருக்கும் தோல்சுருளே மெசூசா. அதில் இருப்பவை யூத வேத நூலான உபாகமத்தின் 6:4-9, 11:13-21 ஆகிய பகுதிகள், 22 வரிகள், 713 எழுத்துகள். யூத விதிப்படி உண்ணத் தகுந்த விலங்கின் தோலில் கோடு கீறி, சோஃபெர் என்னும் எழுத்தர் இறகாலோ நாணலாலோ எழுதுவார். மைக்கு மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். எல்லாம் நம் நாட்டுமருந்துக் கடைச் சரக்கு.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. எழுத்துகளை முதலிலிருந்து முறையாக எழுதிவர வேண்டும். நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போனதைப் பின்னால் கண்டால் இடையில் சேர்க்க முடியாது, சுருளே வீண். தோரா என்னும் வேத நூல் முழுவதும் எழுதிய சுருளுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது, திருத்தலாம். ஒட்டிக்கொண்ட இரு எழுத்துகளைச் சுரண்டிப் பிரிக்க மட்டும் சில நேரம் இடமுண்டு. காகிதத்தில் அச்சடித்து மலிவாக விற்பது செல்லவே செல்லாது.

காப்பா என்றால், மக்கள் நம்பிக்கையில் ஆம். சுருளின் பின்புறம் எழுதும் ‘ஷத்தாய்’ என்ற இறைப்பெயரை ‘இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்’ என்பதன் சுருக்கமாகவும் சொல்வார்கள். வீட்டில் நோய் வந்தால் மெசூசாவைப் பரிசோதிக்கக் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் உள்ளே தேவதூதர் பெயர்களை எழுதிச் சேர்த்தவர்களை 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாகச் சாடினார்: இறைக்கட்டளையைத் தாயத்தாக்கிவிட்டார்கள் என்று. என் கட்சியும் அதுதான்.

சாய்வுக்கு வருவோம். நேராக நிற்க வேண்டும் என்றார் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி. படுக்கையாக என்றார் அவருடைய பேரன் ரபேனு தாம். அஷ்கெனாசி யூதர்கள் (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினர்) இருவருக்கும் பொதுவாகச் சாய்த்துவிட்டார்கள், மேல்முனை வீட்டுக்குள் பார்க்க. செபார்டிகள் (ஸ்பெயின், போர்ச்சுகல் மரபு யூதர்கள்) நேராகவே பதிக்கிறார்கள்.

இடம்: நுழைபவருக்கு வலப்பக்கம், மேல் மூன்றிலொரு பங்கு தொடங்கும் உயரம். 210 செ.மீ. வாசலில் தரையிலிருந்து 140 செ.மீ. இரண்டு அறைகளுக்கு நடுவே எது ‘உள்’ என்று குழப்பம் வந்தால், கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அதுவே உள். சுருளை மடிக்காமல் கடைசிச் சொல்லிலிருந்து முதலை நோக்கிச் சுருட்ட வேண்டும். குப்பியின் மேல்முனை, கீழ்முனை இரண்டையும் நிலைக்காலில் பொருத்த வேண்டும். மேலே மட்டும் மாட்டித் தொங்கவிட்டால் செல்லாது. கழிவறை வாசலுக்குக் கிடையாது.

வெயிலும் ஈரமும் மையை உதிர்க்கும். அதனால் ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை பிரித்துப் பார்ப்பது விதி. சுவருக்குச் சாயம் பூசும்போது குப்பியைக் கழற்றாமல் விட்டுவிடுவதும் சுருளைக் கெடுக்கும்.